துப்பாக்கி வெடிக்காத ஒரு நாளின் செய்தி

2020ஆம் ஆண்டு ஜனவரி 20. பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. மாலை ஆறரை மணிக்கு ஓர் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்பவர். குளித்துவிட்டுத்தான் வந்திருந்தார், சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கையில் கைத்தொலைபேசி.

"சார், அமெரிக்காவுல உள்நாட்டுச் சண்டையாமே! எங்க பிள்ள இருக்கிற ஊர்லதானாம். இதக் கொஞ்சம் பாருங்க."

அவருடைய மகள் எங்கள் தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்தவள். கெட்டிக்காரி. உபகாரச் சம்பளம் கிடைத்து, அப்போது வர்ஜீனியா மாநிலத்தின் தலைநகரான ரிச்மண்டில் படித்துக்கொண்டிருந்தாள். நமக்கு மாலை ஆறரை என்றால் அங்கே விடியற்காலை ஐந்தரை. பிள்ளை தூங்கிக்கொண்டிருப்பாள். தாய்க்கு அழைக்கவும் மனமில்லை, அழைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

படத்தை வாங்கிப் பார்த்தேன். கவச வண்டிகள் வரிசையாகப் போகின்றன. சாலையோரம் ஜனங்கள் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறார்கள். மரமெல்லாம் பச்சைப் பசேலென்று இலை. கீழே தமிழில் ஒரு வரி: துப்பாக்கிச் சட்டத்தால் அமெரிக்காவில் போர் மூண்டது.

"அம்மா, ஜனவரியில் அந்த ஊரில் மரத்தில் ஓர் இலை இருக்காது. எல்லாம் குச்சியாக நிற்கும். குளிரில் யாரும் இப்படி அரைக்கைச் சட்டையோடு நிற்க மாட்டார்கள். இது வேறு எங்கோ, எப்போதோ எடுத்த படம்" என்றேன்.

அவர் கொஞ்சம் தெளிந்தார். ஆனால் அடுத்த கேள்வி கேட்டார்: "அப்படின்னா அங்க ஒண்ணுமே இல்லையா சார்?"

அதற்கு இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. படம்தான் பொய். ரிச்மண்டில் அன்று ஆயிரக்கணக்கானோர் துப்பாக்கியோடு கூடப்போவது உண்மை. வாசக அன்பர்களே, பொய்ப் படத்துக்கும் மெய்யான ஆபத்துக்கும் நடுவில் அன்றிரவு நாங்கள் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் அங்கே நடந்த வழக்கு என்ன என்று பார்ப்போம்.

நமக்குத் துப்பாக்கி என்றாலே போலீஸ்காரர் இடுப்பில் பார்த்ததுதான். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல் 1971இல் வந்த துப்பாக்கித் தண்டனைச் சட்டம் இருக்கிறது. கொள்ளையடிக்கும்போது துப்பாக்கியால் சுட்டால், யார் மேலும் குண்டு படாவிட்டாலும், மரணதண்டனைதான் என்று இருந்தது. 2023இல்தான் அது கட்டாயம் அல்ல, நீதிபதியின் முடிவு என்று மாற்றப்பட்டது. இந்தக் கடுமைக்கு ஒரு பழைய வேர் உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்ற காலத்தைத் தோட்டத்துப் பெரியவர்கள் கண்டவர்கள்.

அமெரிக்காவின் வரலாறோ நேர் எதிர். அவர்கள் துப்பாக்கி எடுத்து வெள்ளைக்கார அரசனை விரட்டி நாடு கண்டவர்கள். 1791இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாவது திருத்தம், ஆயுதம் வைத்துக்கொள்வது ஜனங்களின் உரிமை என்று சொல்கிறது. அது ஊர்க்காவல் படைக்குச் சொன்னதா, தனி மனிதனுக்கும் சொன்னதா என்று இருநூறு வருடம் வாதாடி, 2008இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தனி மனிதனுக்கும்தான் என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே துப்பாக்கி அங்கே பலருக்கு வெறும் ஆயுதமல்ல, அப்பன் பாட்டன் சொத்து. அதில் கை வைத்தால் குடும்பத்தில் கை வைத்த மாதிரி.

2019 மே 31ஆம் தேதி, வர்ஜீனியா பீச் நகராட்சி அலுவலகத்தில் வேலை செய்த ஒருவன் துப்பாக்கியோடு வந்து 12 பேரைக் கொன்றான். கவர்னர் ரால்ஃப் நார்தம் ஜூலை 9ஆம் தேதி சட்டமன்றத்தைத் தனியாகக் கூட்டி, துப்பாக்கிச் சட்டங்களைத் திருத்தும்படி கேட்டார். அப்போது பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில், ஒரு மசோதாவுக்கும் ஓட்டெடுக்காமல், சபையை ஒத்திவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நவம்பர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி இரு சபைகளையும் பிடித்தது. புதிய சட்டங்கள் வரப்போகின்றன என்று தெரிந்ததும் கிராமப்புறம் கொதித்தது. ஜனவரிக்குள் 100க்கும் மேற்பட்ட மாவட்டங்களும் ஊர்களும், எங்கள் எல்லைக்குள் இந்தச் சட்டம் செல்லாது என்ற பாணியில் தீர்மானம் போட்டன.

ஆண்டுதோறும் மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாளில் பொதுமக்கள் ரிச்மண்டுக்குப் போய்த் தங்கள் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்துக் கோரிக்கை வைப்பது அங்கே வழக்கம். துப்பாக்கி உரிமைச் சங்கத்தாரும் போவார்கள். துப்பாக்கியால் பிள்ளையை இழந்தவர்களும் போவார்கள். அந்த ஆண்டு அது ஜனவரி 20.

இந்த இடத்தில் ஒரு வதந்தியின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். நான் ஆசிரியன், நீங்கள் தொழிலாளர்கள். நம் இரு தரப்புக்கும் சம்பந்தப்பட்ட கதை இது.

லீ கார்ட்டர் என்பவர் அப்போது வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். முன்பு மரைன் படையில் இருந்தவர். அந்த மாநிலத்தில் ஆசிரியரோ வேறு அரசு ஊழியரோ வேலைநிறுத்தம் செய்தால் வேலை போய்விடும் என்று ஒரு சட்டம் இருந்தது. கார்ட்டர் அதைத் தளர்த்த ஒரு மசோதா கொண்டுவந்தார். ஆசிரியர் முதலானவர்களுக்கு அந்தத் தண்டனை வேண்டாம், போலீஸ்காரர்களுக்கு மட்டும் பழையபடியே இருக்கட்டும் என்பது அதன் சாரம். மசோதாவை எழுதும் முறை இருக்கிறதே, அது நம்மை மாதிரி ஆட்களுக்குப் புரிகிற விஷயமல்ல. பழைய சட்டத்தின் வாசகத்தில் மற்றவர்களை அடித்துவிட்டு, போலீஸ்காரர் என்ற சொல்லை மட்டும் விட்டார்கள். அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துப் படித்தால், கடமையைச் செய்ய மறுக்கும் போலீஸ்காரரை வேலையை விட்டு நீக்குவதற்கு ஒரு புதுச் சட்டம் வருகிற மாதிரி தெரியும்.

யாரோ அப்படித்தான் படித்தார்கள். துப்பாக்கியைப் பறிக்க மறுக்கும் போலீசைத் துரத்தச் சட்டம் கொண்டுவருகிறான் இவன் என்று எழுதினார்கள். ஒன்று பத்தாகி, பத்து நூறாகி ஓடியது. ஆசிரியர்களின் வேலைநிறுத்த உரிமைக்காக மசோதா எழுதிய மனிதனுக்குக் கொலை மிரட்டல் வந்து குவிந்தது. ஜனவரி 20ஆம் தேதி சட்டமன்றத்துக்கு வராமல், எங்கே இருக்கிறேன் என்று சொல்லாமல், ஒளிந்திருக்கப் போகிறேன் என்று அவரே பத்திரிகைகளிடம் சொல்ல வேண்டிய நிலை.

அந்த வதந்தியில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை என்பதைக் கவனியுங்கள். மசோதாவில் இருந்த வாசகம்தான். பழையது எது, புதியது எது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். முழுப் பொய்யை மரத்தில் இலை பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பள்ளியில் ஒரு பாடத்தின் நடுவிலிருந்து ஒரு வரியைக் கிள்ளி எடுத்துக் கேள்வி கேட்கும்போதெல்லாம் எனக்கு இப்போது கார்ட்டரின் ஞாபகம் வருகிறது.

சரி, பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் என்ன செய்தன?

அவர்கள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அதே வர்ஜீனியாவின் சார்லட்ஸ்வில் நகரில் 2017 ஆகஸ்ட் 12ஆம் தேதி வெள்ளை இனவெறிக் கூட்டம் ஊர்வலம் வந்தபோது, ஒருவன் எதிர்ப்பாளர் கூட்டத்துக்குள் காரை ஏற்றி ஹெதர் ஹேயர் என்ற பெண்ணைக் கொன்றான். அது மறுபடியும் நடக்குமோ என்று கவர்னர் ஜனவரி 15ஆம் தேதி அவசரநிலை அறிவித்தார். சட்டமன்ற வளாகத்துக்குள் எந்த ஆயுதமும் வரக்கூடாது என்றார். துப்பாக்கிச் சங்கத்தார் நீதிமன்றம் போனார்கள். மாநில உச்ச நீதிமன்றம் தடையில் தலையிட மறுத்தது. அதற்கிடையில் ஒரு வெள்ளை இனவெறிக் கும்பலைச் சேர்ந்த மூன்று பேரை மத்தியப் புலனாய்வுத் துறை பிடித்தது. அதில் ஒருவன் கனடாவின் முன்னாள் சேமப்படை வீரன். ரிச்மண்ட் கூட்டத்தைக் கலவரமாக்க அவர்கள் திட்டமிட்டார்கள் என்பது வழக்கு. அவர்களில் இருவருக்கு 2021 அக்டோபரில் ஆளுக்கு 9 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஆகவே எல்லாம் பத்திரிகைக்காரன் கட்டிய கதை என்று தள்ளிவிடவும் முடியாது.

ஆனால் எழுதிய விதம் இருக்கிறதே! வெள்ளிக்கிழமை முதல் திங்கள் வரை, நடக்காத ஒரு கலவரத்தை நடந்தது போலவே பேசினார்கள். ஒரு பெரிய தொலைக்காட்சி நிறுவனத்தின் நிருபர், கூட்டம் தொடங்குமுன்பே அதை வெள்ளை இனவாதிகளின் பேரணி என்று எழுதிவிட்டு, கண்டனம் எழுந்ததும் அழித்தார். வரப்போகிறவர்களில் இனவெறியர் சிலர் இருந்தார்கள் என்பது வேறு. வந்த எல்லாரும் அவர்களே என்பது வேறு. இன்னொரு பக்கம், அன்றைய ஜனாதிபதி டிரம்ப், வர்ஜீனியாவில் உங்கள் உரிமை பெரும் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது என்று எரிகிற அடுப்பில் விறகு வைத்தார். உள்நாட்டுப் போர் என்ற சொல் புறப்பட்டது. ரிச்மண்ட் 1861 முதல் 1865 வரை நடந்த மெய்யான உள்நாட்டுப் போரில் தென்னவர்களின் தலைநகராக இருந்த ஊர். அந்தச் சொல்லுக்கு அங்கே கனம் அதிகம். அந்தக் கனம்தான் கடல் தாண்டி, நம் தோட்டத்து அம்மாவின் கைத்தொலைபேசி வரை வந்து சேர்ந்தது.

அன்றிரவு நானும் அந்த அம்மாவும் என் மனைவியும் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்கு மகளே அழைத்தாள். "அம்மா, இன்னைக்குக் காலேஜ் லீவு. நான் வெளிய போகல. ரூம்லதான் இருக்கேன்" என்றாள். தாய் கேட்டது ஒரே கேள்வி: "சன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" சன்னல் சந்துப் பக்கம்தான் என்றாள் பிள்ளை. அதன்பிறகுதான் அவர் ஒரு வாய் சோறு சாப்பிட்டார்.

நமக்கு நள்ளிரவு என்றபோது அங்கே முற்பகல். நேரடி ஒளிபரப்பில் பார்த்தோம். ஏறக்குறைய 22,000 பேர் வந்திருந்தார்கள். வளாகத்துக்குள் நுழைய ஒரே வாசல், உலோகச் சோதனைக் கருவி வழியாக. உள்ளே போனவர்கள் 6,000 பேர் அளவில். மீதி 16,000 பேர் துப்பாக்கியை விட்டுப் பிரிய மனமில்லாமல் வெளியே தெருவிலேயே நின்றார்கள். தெருவில் அது சட்டப்படி குற்றமில்லை. போர்க்கள உடுப்பில் சிலர், கம்பளித் தொப்பியில் கிழவர்கள், கணவனும் மனைவியுமாகச் சிலர். கோஷம் போட்டார்கள், பேசினார்கள், கேட்டார்கள். பிற்பகலில் கலைந்து போய்விட்டார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை. கைதானவர் ஒரே ஒருவர்: முகத்தைத் துணியால் மூடியிருந்ததற்காக ஓர் இளம்பெண்.

"இவ்வளவுதானா சார்?" என்றார் அந்த அம்மா. அவர் குரலில் நிம்மதி இருந்தது. தொலைக்காட்சி அறிவிப்பாளர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது. என் காது அப்படி இருக்கலாம்.

அமைதியாக முடிந்தது என்றுதான் மறுநாள் செய்தி. அதுவும் முழுமையாகச் சரியில்லை என்பேன். ஆண்டுதோறும் அதே நாளில் துப்பாக்கிக்குப் பலியானவர்களுக்காக அஞ்சலி செலுத்தும் குடும்பங்கள், மிரட்டலுக்குப் பயந்து அந்த ஆண்டு தங்கள் கூட்டத்தை ரத்து செய்துவிட்டன. வராமல் போனவர்களை எந்தக் கேமராவாலும் படம் பிடிக்க முடியாது அல்லவா? ஆனால் இளைஞர்கள் சிலர் வந்தார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் மாணவர் இயக்கத்தைச் சேர்ந்த பத்துப் பதினைந்து பேர், காலையில் கூட்டத்தைத் தாண்டி வர முடியாது என்று ஞாயிறு இரவே வந்து, சட்டமன்ற உறுப்பினர்களின் அலுவலகத் தரையில் படுத்துத் தூங்கி, விடிந்ததும் தங்கள் கோரிக்கையைச் சொன்னார்கள். 22,000 பேரின் படம் உலகமெல்லாம் போனது. இந்தப் பிள்ளைகளைப் பற்றி நான் பல நாள் கழித்துத்தான் படித்தேன்.

கேமரா எங்கே திரும்புகிறதோ அங்கேதான் சட்டமும் திரும்பும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1967 மே 2ஆம் தேதி, கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைச் சேர்ந்த சுமார் 30 கறுப்பின ஆண்களும் பெண்களும், துப்பாக்கிகளோடு சட்டமன்றத்துக்குள் நடந்து போனார்கள். தெருவில் குண்டு போட்ட துப்பாக்கியை ஏந்திச் செல்வதைத் தடுக்கும் மசோதா ஒன்று வந்திருந்தது. தங்கள் பேட்டையில் போலீசைக் கண்காணிக்கப் போகும் தங்களைக் குறிவைத்ததே அது என்று எதிர்த்தார்கள். வெளியே புல்வெளியில் கவர்னர் ரீகன் பள்ளிப் பிள்ளைகளைச் சந்தித்துக்கொண்டிருந்தார். அவர்கள் யாரையும் சுடவில்லை. பாபி சீல் ஓர் அறிக்கையை வாசித்தார். மறுநாள் நாடெங்கும் துப்பாக்கிப் படம்தான். அறிக்கையில் என்ன இருந்தது என்று படித்தவர் எத்தனை பேரோ! அந்த ஜூலையிலேயே ரீகன் மசோதாவில் கையெழுத்திட்டார். 1967இல் 30 கறுப்பர்கள் துப்பாக்கியோடு வந்ததையும், 2020இல் 22,000 பேர், பெரும்பாலும் வெள்ளையர், வந்ததையும் எழுதிய சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் கசக்கும். ஆனால் அது தனிக் கட்டுரை.

அந்த மாணவர்கள் படுத்துத் தூங்கிய அலுவலகங்களில் ஒன்று கிறிஸ் ஹர்ஸ்ட் என்பவருடையது. அவர் முன்பு அதே வர்ஜீனியாவின் ரோனோக் நகரத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். 2015 ஆகஸ்ட் 26ஆம் தேதி காலை ஆறே முக்கால் மணிக்கு, அந்த நிலையத்தின் நிருபர் அலிசன் பார்க்கர், ஓர் ஏரியின் 50ஆம் ஆண்டு நிறைவைப் பற்றி ஒரு பெண்மணியைப் பேட்டி கண்டுகொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு. சாதாரணச் செய்தி, காலைச் சிற்றுண்டியோடு பார்க்கிற மாதிரி. அந்த நிலையத்திலிருந்து முன்பு நீக்கப்பட்ட ஒருவன் வந்து சுட்டான். 24 வயது அலிசனும், 27 வயது படப்பிடிப்பாளர் ஆடம் வார்டும் இறந்தார்கள். பேட்டி கொடுத்த பெண்மணி காயத்தோடு பிழைத்தார். கொன்றவன் தன் கையாலேயே அதைப் படமெடுத்து, தப்பி ஓடும் வழியில் இணையத்தில் ஏற்றினான். தானாக ஓடும்படி அமைந்திருந்த அந்தப் படம், பார்க்க விரும்பாதவர் கண்ணிலும் பட்டது. அதிலிருந்து எடுத்த காட்சிகளை முதல் பக்கத்தில் போட்ட பத்திரிகையும் உண்டு.

அலிசன், ஹர்ஸ்டின் காதலி. செய்தி வாசித்தவர் வீட்டுக்கே செய்தி வந்தது. 2017இல் வேலையை விட்டுத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அலிசனின் தந்தை ஆண்டி பார்க்கர் வேறொரு போரைத் தொடங்கினார். மகள் சாகும் படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பல ஆண்டு போராடினார். 2020 பிப்ரவரியில் யூடியூப் மீதும், 2021 அக்டோபரில் பேஸ்புக் மீதும் அரசு ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஆறு வருடத்துக்குப் பிறகும் ஒரு தகப்பன், என் பிள்ளை சாவதை மற்றவர்களுக்குக் காட்டாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நமக்கு வரும் இப்படிப்பட்ட படங்களை அடுத்தவருக்குத் தட்டிவிடும்போது, அதில் விழுகிற உருவத்துக்கும் ஒரு தகப்பன் இருப்பான் என்ற நினைப்பு நமக்கு வருகிறதா? எனக்கும் முன்பெல்லாம் வந்ததில்லை.

பிப்ரவரி 17ஆம் தேதி, மிகக் கடுமையான மசோதா, அதாவது போர்த்துப்பாக்கி போன்றவற்றின் விற்பனையைத் தடுப்பது, மேல்சபைக் குழுவில் நிறுத்திவைக்கப்பட்டது. ஜனநாயகக் கட்சியினர் நான்கு பேரே எதிர்த்தரப்போடு சேர்ந்து ஓட்டளித்தார்கள். மற்றவை ஏப்ரல் 10ஆம் தேதி சட்டமாயின. துப்பாக்கி விற்குமுன் வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிக்கு மேல் வாங்கக்கூடாது. இது 1993இல் வந்து 2012இல் நீக்கப்பட்ட பழைய விதிதான். தொலைந்த துப்பாக்கியை 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிப்பார் என்று தெரிகிறவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின் பேரில் தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. போர் மூளவில்லை.

அந்த ஏப்ரலில் நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அந்த அம்மாவின் மகள் மார்ச்சிலேயே ஊர் திரும்பிவிட்டாள். சட்டம் நிறைவேறிய செய்தியை நான்தான் அவர்களுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் தாயின் குரல்பதிவு வந்தது.

"சார், ஜனவரியில ஒரே நாள்ல எனக்குப் பதினேழு பேரு அனுப்புனாங்க. இத நீங்க ஒருத்தர்தான் அனுப்பியிருக்கீங்க. தரையில படுத்துத் தூங்குன பிள்ளைங்க கேட்டது இதானா?"

அதில் பாதி என்று பதில் எழுதினேன்.